தாய்மாமனுக்கு இருபத்தேழு வயசு

என் மச்சினன் என்னைவிட ஏழு வயது சின்னவன். இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். வாயால் சொன்ன காலத்தில் ஒருத்தரும் நம்பியதில்லை. சொன்னது நான் என்பதும் அதற்கு ஒரு காரணம். கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். கை வேகத்தைவிட வாய் வேகம் ஜாஸ்தி என்று ஊருக்கே தெரியும். எழவு வீட்டில் என் பக்கத்தில் உட்காரப் பயப்படுவார்கள், சிரித்துத் தொலைத்துவிடுவோமோ என்று.

என் கல்யாணத்தில் எனக்கு மோதிரம் போட்டவன் அவன்தான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது. மோதிரத்தை என் விரலில் தள்ள முடியாமல் திணறினான். "இன்னாடா, காலைல டிபன் சாப்பிடலியா?" என்றேன். பந்தலே சிரித்தது. அவனும் சிரித்தான். விடிந்ததிலிருந்து அவனுக்கு விரல் மடங்கவில்லை என்பதை என் மனைவி பிறகுதான் சொன்னாள்.

மூட்டுவாதம். தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் கரும்பு போடுகிற வீடு அவர்களுடையது. அந்த வீட்டுப் பையனுக்குக் காலையில் எழுந்தால் கொடுவாளைப் பிடிக்க வராது, சட்டைப் பொத்தான் போட வராது. எண்ணெய், பத்தியம், மூலிகை எல்லாம் ஆகி, கடைசியில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை வந்து சேர்ந்தது. அதைச் சாப்பிட்ட சில நாளிலேயே வரப்பில் ஓடினான். மாமியார் அந்த மாத்திரைப் பட்டையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஸ்டீராய்டு என்ற வார்த்தை அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

முதல் வருஷம் முகம் பூசணிக்காய் போல உருண்டது. "பையன் தேறிட்டான்" என்றார்கள் சொந்தக்காரர்கள். பிறகு கன்னம் வற்றியது. நெற்றி ஏறியது. தோல் வெங்காயச் சருகு போல ஆகி, சும்மா தொட்டாலே நீலம் கட்டியது. முதுகு கூன ஆரம்பித்தது. என்னைவிட உயரமாக இருந்தவன் ஒரு பொங்கலுக்கு வந்தபோது என் காதுக்குச் சமமாக நின்றான். "நான் வளந்துட்டேனா, நீ சுருங்கிட்டியா?" என்று கேட்டேன். "நீ எங்க மாமா வளரப் போற? நான்தான் எறங்கி வந்துக்கினு இருக்கேன்" என்றான்.

மாமனுக்கும் மச்சானுக்கும் கிண்டல்தான் பேச்சு. அதில் அவன் எனக்குச் சளைத்தவன் இல்லை.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய டாக்டரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இது எழுபது வயசு எலும்பு" என்றார். படம் மாறிவிட்டதோ என்று நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். மாறவில்லை.

"நோய் ஒரு பக்கம் உடம்பை அரிக்குது. அதை அடக்கற மாத்திரை இன்னொரு பக்கம் எலும்போட சத்தை எடுக்குது, தோலை மெல்லிசாக்குது, கண்ணை மறைக்குது. ரெண்டும் சேந்து வயசைத் தூக்கிட்டு ஓடுது. இதுல எது எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது."

"நிறுத்திட்டா சார்?" என்று மச்சினன் கேட்டான்.

"திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். வலி தாங்குவியா?"

அவன் தன் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டான். பிறகு குறைத்துப் பார்த்த நாட்களில் அவனைத் தூக்கி உட்கார வைத்துச் சாப்பாடு ஊட்ட வேண்டியிருந்தது. இனிமேல் ஒரு செம்புத் தண்ணீருக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்றும் டாக்டர் அன்றைக்குச் சொன்னார்.

என் வாய் சும்மா இருக்குமா? "எனக்கும் இந்த மாதிரி வருமா சார்?" என்றேன்.

"நீங்க அந்த மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்ல சார். தண்ணி எடுத்துக் குடுப்பேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. நான் விளையாட்டாகக் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வெளிச்சம் அலைந்தேன். முழங்காலை அமுக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வந்த பஸ்ஸுக்கெல்லாம் போர்டு படித்தேன். எலவனாசூர்கோட்டை என்ற பெயர் நீளமாக இருப்பதால் அந்த பஸ்ஸைப் படித்து முடித்தால் ஒரு திருப்தி. பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்தவர்கள் யாரையோ பார்த்துக் கண்ணடிக்கிறேன் என்று மனைவியிடம் போய்ச் சொன்னார்கள்.

நோய் அவனுக்கு, நடுக்கம் எனக்கு. இப்படித்தான் பங்கு பிரித்துக்கொண்டோம்.

இருபத்துநாலு வயதில் அவனுக்குக் கண்புரை வந்தது. தியாகதுருகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். வகுப்பறைத் தரையில் பாய் விரித்து, ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டிய கிழவர்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். நடுவில் இவன். கஞ்சி எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனபோது பக்கத்துப் பாய்க்காரர் அவனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு எத்தினி பேரப்புள்ளைங்க?"

"ஒண்ணு வந்துக்கினு இருக்குதுங்க. பொண்ணு மாசமா இருக்குது."

"மருமவன் எப்படி?"

"அத ஏன் கேக்கறீங்க? ஒரே வாய். வேலவெட்டி கம்மி."

மாசமாக இருந்தது என் மனைவி, அவனுடைய அக்கா. வாய்க்கார மருமகன் நான். கிழவர் என்னைக் கட்டிய கண்ணோடு திரும்பிப் பார்த்து, "பாவம், பெரிய மனுசன நல்லா பாத்துக்கப்பா" என்றார். அன்றிலிருந்து அவன் எனக்கு மாமனார் ஆனான். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், "எழுந்து நில்லு மருமவனே" என்றான். நான் எழுந்து நின்றேன். எல்லாரும் சிரித்தோம். என் நிஜ மாமனார் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு அப்போது ஐம்பதுதான் இருக்கும். தலையில் ஒரு நரை கிடையாது. கரும்புக் கட்டை ஒரே வீச்சில் வண்டியில் ஏற்றுவார். மகனைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை நல்லதாகவோ கெட்டதாகவோ வந்து நான் கேட்டதில்லை.

என் மகளுக்கு மூன்று வயது நடந்தபோது காது குத்துப் பேச்சு வந்தது. எங்கள் பக்கம் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவோம். மாமன் இல்லாத வீட்டில் பங்காளி மகனைத் தேடிப் பிடித்தாவது உட்கார வைப்பார்கள். இங்கே மாமன் இருக்கிறான். ஆனால் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாள். செம்புத் தண்ணீர் கணக்கெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டாள்.

மாமனார் முதல் முறையாக வாய் திறந்தார். "எங்கண்ணன் மவன ஒக்கார வைக்கலாம். இவனுக்கு முடியாது."

மச்சினன் எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். "எனக்குக் கல்யாணம் ஆவப் போறதில்லப்பா" என்றான். "கரும்பு வெட்ட முடியாது. மாட்டப் புடிக்க முடியாது. மாமன்னு ஒண்ணுதான் மிச்சம். அதையும் பெரியப்பா மவனுக்குக் குடுத்துட்டு நான் இன்னாத்துக்கு?"

"அப்ப அடுத்த வருசம் ஐஞ்சு வயசுல வெச்சுக்கலாம், ஒடம்பு தேறட்டும்" என்றேன் நான், மூன்றுக்கு அடுத்து நாலு வரும் என்பதுகூட மறந்துபோய்.

"அடுத்த வருசம் நான் ஒக்காருவனா மாமா? நீ எழுதிக் குடு, நான் காத்துக்கினு இருக்கேன்."

என் மனைவி உள்ளேயிருந்து வந்து, "என் பொண்ணுக்கு மாமன் ஒருத்தன்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனாள். அதோடு பேச்சு முடிந்தது.

நாள் குறித்தாயிற்று. கல்வராயன் மலைமேல் எங்கள் குலசாமி. உறவுக்காரர்கள் முன்னாலேயே ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் கிளம்புவதற்குள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. ஊரெங்கும் அதே பேச்சு. பஸ் கிடையாது. ரோட்டோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். என் இன்ஸ்டிடியூட் பையன்களே பாதிப் பேர் கோடாலி தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். மற்ற நாளில் கீபோர்டை அமுக்கவே விரல் வலிக்கிறது என்பார்கள்.

கூண்டு வண்டியில் வைக்கோலை நிறைய அடைத்து, அதன்மேல் மெத்தை போட்டு அவனைப் படுக்க வைத்தோம். மாமனார் வண்டியோடு நடந்து வந்தார். கச்சிராயபாளையத்துக்குப் பாதி வழியில் மரம். மரத்துக்கு அந்தப் பக்கம், மலையிலிருந்து மரவள்ளி ஏற்றிவரும் ஜீப் ஒன்றை வரச் சொல்லியிருந்தோம். நடுவில் இளவட்டக் கூட்டம்.

"யாரும் போவக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, சாவு வூட்டுக்குப் போறவங்க, அவங்களுக்குத்தான் வழி."

நல்ல நேரம் தவறிவிடும் என்று பயம், அடித்துவிடுவார்களோ என்று பயம், அடிப்பதற்குள் ஓடிவிடுவேனோ என்றும் பயம். "தம்பிங்களா, இது ரெண்டுலயும் சேராத கேஸு..." என்று ஆரம்பித்தேன்.

"சார், கிண்டல் பண்ணாம சொல்லுங்க" என்றான் தலையில் துண்டு கட்டிய ஒருவன். என்னிடம் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் படித்தவன்.

அப்போது வண்டிக்குள்ளிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி எட்டிப் பார்த்தது.

"டேய் பேராண்டிங்களா," என்றான் மச்சினன் நடுங்குகிற குரலில், "பேத்திக்குக் காது குத்து. ஒங்க மறியல் நாளைக்கும் நடக்கும். நான் நாளைக்கு இருப்பனாடா?"

கூட்டம் அடங்கிவிட்டது. "தாத்தாவுக்கு வழி வுடுங்கடா" என்றான் துண்டு கட்டியவன். டீக்கடையிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. நாலு பேர் அவனை நாற்காலியோடு தூக்கி மரங்களுக்கு மேலாக அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். அவன் இரண்டு பக்கமும் கையை உயர்த்தி, "எல்லாருக்கும் வேல கெடைக்கும்டா, நல்லா இருங்கடா" என்று ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டே போனான். தூக்கியவர்களில் இரண்டு பேருக்காவது அவன் வயதுதான் இருக்கும்.

ஜீப்பில் ஏறியதும், "இன்னா மாமா, எப்படி?" என்று கண்ணடித்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மனைவி மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமனார் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மேலே காற்று குளிர்ந்திருந்தது. சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் வேலும் கல்லுமாக எங்கள் சாமி. மலைக்காரப் பூசாரி தேங்காய் உடைத்துத் தீபம் காட்டினார். மணை போட்டிருந்தது. காது குத்தக் கச்சிராயபாளையத்திலிருந்து நகை வேலை செய்யும் பத்தர் ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். எங்களை முன்பின் பார்த்திராதவர். ஊசியைத் தேய்த்துத் துடைத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். மணையை நோக்கி மச்சினன் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தான்.

"தாத்தா, நீங்க அப்பால நெழல்ல ஒக்காருங்க. சடங்கு முடிஞ்சதும் கொழந்தைய வாங்கிக்கலாம்" என்றார் பத்தர். பிறகு பக்கத்தில் நின்ற என் மாமனாரின் கையைப் பிடித்தார். "நீங்கதான மாமன்? வாங்க, ஒக்காருங்க. நேரம் போவுது."

மாமனார் தன் கையைப் பத்தரிடமிருந்து விடுவித்துக்கொள்ளவும் மறந்து நின்றார்.

"நான் மாமன் இல்லீங்க," என்றார். "இவனுக்கு அப்பன்."

பத்தர் அவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அவர் முகத்தில் கணக்கு உதைத்தது. இப்படி ஒரு அமைதி விழுந்தால் அதில் எதையாவது தூக்கிப் போட்டு உடைப்பது என் வேலை. சொந்தத்தில் என்னை அதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள். "பத்தரே, கண்ணாடி போட்டுக்கினு வந்திருக்கலாம்ல" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரிப்பான் என்று நான் நம்பிய ஒரே ஆளும் சிரிக்கவில்லை. மறியலில் அத்தனை அழகாகத் தாத்தா வேஷம் கட்டியவன், உதட்டைக் கடித்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தான். உட்காரவே வெகுநேரம் ஆனது.

"கொழந்தையக் குடுக்கா" என்றான்.

நான் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். அவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பட்டுத் துணிக்கு அடியில் இரண்டு கையையும் விட்டுப் பிள்ளையின் பாரத்தை நானே தாங்கிக்கொள்வது. பார்க்கிறவர்களுக்கு மாமன் மடி. உள்ளே அப்பன் கை. கையை நுழைத்தேன்.

"கைய எடு மாமா."

"டேய், சொன்னா கேளு."

"எடுன்னா எடு. என் மடிலதான் அவ ஒக்காந்தான்னு எனக்குத் தெரியணும்."

எடுத்தேன். முழுப் பாரத்தையும் அவன் வாங்கிக்கொண்டான். மகள் அவன் கண்ணாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். மேளம் முழங்க, பத்தர் வலது காதில் ஊசியை இறக்கினார். அவள் வீறிட்டு, உடம்பை வில்லாக வளைத்துக் காலால் உதைத்தாள். முருங்கைக் கொம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். மேளத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. பின்னால் குந்தியிருந்த எனக்குக் கேட்டது. அவன் பிடரியில் வேர்வை குப்பென்று பூத்தது.

"எறக்கிடு, போதும்" என்றேன் அவன் காதில்.

"ஒத்தக் காதோட பொண்ண வூட்டுக்கு இட்டுக்கினு போவியா? குத்தச் சொல்லு."

இடது காதும் ஆனது. எல்லாரும் பூ போட்டார்கள். மாமன் சீர்த் தட்டு வந்தது. அக்கா குழந்தையை வாங்கக் கை நீட்டினாள். "இருக்கட்டும்கா, கொஞ்ச நேரம்" என்றான். மருமகளை விட மனசில்லை என்று கிழவிகள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இரண்டே பேர், அவனும் நானும்.

நான் எழுந்து ஓடினேன். டாக்டரைக் கூட்டிவர. கல்வராயன் மலையில், எந்தத் திசையில் டாக்டர் இருக்கிறார் என்று தெரியாமல், செருப்பில்லாமல், சாமைக் கொல்லைக்குள் இறங்கி ஓடினேன். வேட்டி வேலி முள்ளில் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு அரை டிராயரோடு ஓடினேன். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த மலைக்காரர் என்னை மறித்துத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "யாருக்கு இன்னா ஆச்சு சாமி?" என்றார். தொடையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். எனக்குத்தான் கால் போய்விட்டது என்று நினைத்து, அந்த நல்ல மனுஷன் என்னைத் தூக்கிக்கொள்ளக் குனிந்தார்.

ஒரு வழியாக விஷயம் புரிந்து, அவரும் இன்னும் மூன்று பேரும் கம்பளியை மூங்கிலில் கட்டித் தொட்டில் கொண்டுவந்தார்கள். அங்கே பிரசவத்துக்கும் பாம்புக் கடிக்கும் அதுதான் வண்டி. அவனைக் கிடத்தி ஒற்றையடிப் பாதையில் ஜீப் வரைக்கும் சுமந்து வந்தார்கள். வழியெல்லாம் அவன் ஒரு முனகல் முனகவில்லை.

தொடை எலும்பு இடுப்புக்கிட்டேயே முறிந்திருந்தது. இருபத்தேழு வயதுக்காரன் எலும்பு என்றால் கூடியிருக்கும். அது கூடவில்லை. அதற்குப் பிறகு அவன் எழுந்து உட்காரவே இல்லை. ஒன்றரை வருஷம் படுக்கையில் கிடந்து, நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தான். அந்த ஒன்றரை வருஷத்தில் நான் சொன்ன கிண்டலுக்கெல்லாம் அவன் பதில் வைத்திருந்தான். நான்தான் வரவரக் கம்மியாகச் சொன்னேன். இன்றைக்கு எனக்கும் சர்க்கரைக்கு மாத்திரை உண்டு. டாக்டர் மாத்திரை எழுதும்போதெல்லாம் இதனால் வயது ஏறுமா என்று கேட்கிறேன். மாத்திரை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஏறும் சார் என்கிறார்.

அன்றைக்கு மலையிறங்கி மறியல் மரத்துக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. அதே பையன்கள். ஜீப்பின் பின்பக்கம் தொட்டிலோடு அவனைப் பார்த்ததும் ஓடி வந்தார்கள்.

"இன்னா தாத்தா, பேத்திக்குக் காது குத்துனீங்களா? இன்னா ஆச்சு ஒங்களுக்கு?" என்றான் துண்டு கட்டியவன்.

மச்சினன் கண்ணாடியைக் கழற்றி மார்பில் வைத்திருந்தான். "தாத்தா இல்லடா," என்றான் சொந்தக் குரலில். "நான் மாமன். தாய்மாமன். எனக்கு இருபத்தேழு வயசு."

பையன்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், அடிபட்டவரை வெச்சுக்கினு இந்த நேரத்துலயுமா?" என்றான். நான் சொல்லிக்கொடுத்துத்தான் பேசுகிறான் என்று நினைத்துவிட்டார்கள். நிஜம்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தால் அது நிஜமாக இருக்காது என்று தோன்றி மூடிக்கொண்டேன்.

என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினாள். அவர்களுக்கு எதிரில் போய் நின்றாள். "என் தம்பிப்பா" என்றாள். "எனக்கு அடுத்துப் பொறந்தவன்."

அவர்கள் அவளைப் பார்த்தார்கள். இருபத்தொன்பது வயதுப் பெண்ணின் முகம். பிறகு ஜீப்புக்குள் குனிந்து மறுபடி அவனைப் பார்த்தார்கள். துண்டு கட்டியவன் தலைத் துண்டை அவிழ்த்தான். மூங்கிலை ஒரு முனையில் அவனே பிடித்தான்.

"பாத்துத் தூக்குங்கடா. அண்ணனுக்கு வலிக்கப் போவுது. அண்ணே, வலிச்சா சொல்லுண்ணே."

"வலிக்குதுடா" என்றான் மச்சினன். காலையிலிருந்து, எனக்குத் தெரிந்து அதற்கு முந்தைய எட்டு வருஷத்திலும், அவன் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "ரொம்ப வலிக்குதுடா." அவர்கள் ஒவ்வொரு மரமாகத் தாண்டத் தாண்ட, சின்னப் பையன் மாதிரி வாய்விட்டு அழுதுகொண்டே போனான்.